என் தங்கை தைத்த கழுத்துத் துணிகள்

இந்த நினைவு மலரில் என்னைப் பற்றி அவள் எழுதியிருக்க வேண்டும். மூத்தவள் நான். சர்க்கரை, முட்டி வலி, கண் ஆபரேஷன் எல்லாம் எனக்குத்தான். அவள் ஒரு நாள் படுத்தாள், ஒரு மாத்திரை போட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவள் போய்விட்டாள். அவளுக்கு நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் மத்தியான வேளையில் போன் அடித்தால், அவள்தான் என்று நினைத்து ஈரக் கையோடு எழுந்து ஓடுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. தங்கையின் மகன் முரளிதான், "நீ எழுதினாத்தான் பெரிம்மா ஆவும். அன்னிக்கு இன்னா நடந்துச்சின்னு உனக்குத்தான் தெரியும்" என்று பேப்பரையும் பேனாவையும் கையில் வைத்துவிட்டுப் போனான். அவர், இவர் என்று மரியாதையாக எழுத வேண்டும் என்றும் சொன்னான். கூடப் பிறந்த தங்கையை அவர் என்று எழுத எனக்குக் கை ஓடவில்லை. அவள் என்றே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் சொன்ன அந்த நாள், தங்கையை எடுத்த நாள். வாய்க்கரிசி போடும்போது நடந்த ஒரு காரியத்தால் சொந்தத்தில் பலருக்கு மனக்கஷ்டம். "செத்தவ மேல எச்சித் துணியப் போட்டு அனுப்பிட்டாங்க" என்று இன்றுவரை பேச்சு ஓடுகிறது. தங்கை வீட்டுக்காரரின் அண்ணன், ஆரம்பாக்கத்துப் பெரியவர், அந்தக் குடும்பத்துக்கே மூத்தவர். அன்று சுடுகாட்டிலிருந்து அப்படியே ஊருக்குப் போனவர், அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கவில்லை. காரியத்துக்கும் வரவில்லை. முரளி போன் செய்தால் அந்தப் பேச்சை எடுத்ததுமே வைத்துவிடுகிறார். வருஷத் திதிக்காவது அவர் வந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன். திதிக்கு முன்பே முதல் மலரை அவர் வீட்டில் கொடுத்து வருவதாக முரளி சொல்லியிருக்கிறான்.

நாங்கள் பிறந்தது பொன்னேரிக்குக் கிழக்கே ஒரு நெல் வயல் ஊர். எங்கள் வீட்டில் கடைசிப் பிள்ளை அவள். பயம் என்பதே கிடையாது. வருகிற ஆளையெல்லாம் அவளே போய் விசாரிப்பாள், நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். "எங்கக்கா உள்ள கீது, பேசாது, நான் பேசறேன்" என்பாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட அவள்தான் பதில் சொன்னாள். பிற்பாடு அவளைக் கும்மிடிப்பூண்டியில் கொடுத்தோம். மாப்பிள்ளை ரோலிங் மில்லில் வேலை. கம்பெனிகள் இருக்கும் பக்கமாக ஒரு வாடகை வீடு.

முரளி கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் நான் அங்கே போயிருந்தேன். கேழ்வரகுக் கூழ் ஊட்டி, முந்தானையால் அவன் வாயைத் துடைத்துத் தூளியில் போட்டுவிட்டு, தங்கை லாரித் தண்ணீர் பிடிக்கப் போனாள். நான் அடுப்படியில் இருந்தேன். திடீரென்று பிள்ளை அலறினான். அந்த மாதிரி ஒரு சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. பாம்புதான் என்று நினைத்து எனக்குக் கால் ஓடவில்லை. தங்கை குடத்தைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து தூளியைப் பிரித்தாள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கயிறு கட்டினது போல எறும்பு. கூழ் வழிந்து கழுத்து மடிப்புக்குள் போயிருந்தது. வாயைத் துடைத்தோமே தவிர மடிப்பை யார் பார்த்தார்கள்? எறும்பு உத்தரத்திலிருந்து தூளிக் கயிற்றோடு இறங்கி வந்திருக்கிறது.

பிள்ளை தேறிவிட்டான். இன்று மீசை வைத்த ஆள், இதைப் படித்தால் சிரிப்பான். அவள் மட்டும் அந்த அலறலை மறக்கவே இல்லை. அன்றைக்கே மாப்பிள்ளையின் பழைய பனியனை வெட்டி அவள் ஒரு துணி தைத்தாள். அதுதான் முதல் கழுத்துத் துணி.

முரளி பள்ளிக்கூடம் போகும் வயதில் மாப்பிள்ளை நெஞ்சு நோயில் போய்விட்டார். அப்போது அவளைத் தூக்கி நிறுத்தியவர் ஆரம்பாக்கத்துப் பெரியவர்தான். அறுவடைக்கு அறுவடை தன் நிலத்து அரிசி மூட்டையை அவரே பஸ்ஸில் போட்டுக் கொண்டுவந்து இறக்குவார். "மூத்தாரு போட்ட அரிசிதாங்க்கா என் பையன் ஒடம்பு" என்று அவள் எப்போதும் சொல்வாள். இதை இங்கே எழுதாமல் போனால் எனக்குப் பாவம்.

அதன் பிறகுதான் அவள் பிள்ளை பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள். பிள்ளைகளுக்கு அவள் ஆயம்மா. கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் பஸ் வருவதற்கு முன்னால் கொண்டுவந்து விடுவார்கள், வேலை முடிந்து தூக்கிப்போவார்கள். தமிழ்ப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை, இந்தி பேசுகிற வீட்டுப் பிள்ளை எல்லாம் அவள் வீட்டுத் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும். பருப்பு சாதம், தயிர் சாதம், மசித்த வாழைப்பழம். அந்த வயதுப் பிள்ளைகள் சாப்பிடுவது உங்களுக்குத் தெரியாததா? பாதி வாயில், பாதி மேலே. மாற்றுச் சட்டை எல்லோராலும் கொடுத்தனுப்ப முடியாது. தண்ணீரும் லாரித் தண்ணீர். சாயந்தரம் தாய் வந்து தூக்கும்போது பிள்ளை காலையில் விட்ட மாதிரி இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். "நாள் பூரா நின்னுக்கினே வேல செஞ்சிட்டு வருது. புள்ளயத் தூக்கினா புளிச்ச வாடையா அடிக்கணும்?" என்பாள்.

கழுத்துத் துணி தைப்பதில் அவளுக்கு ஒரு முறை உண்டு. மிஷின் துடைக்கக் கம்பெனிகள் வாங்குகிற பனியன் வேஸ்ட் கட்டில் எண்ணெய் படாத புதுசாகப் பார்த்து, மெத்தென்ற துண்டுகளாகப் பொறுக்குவாள். வெந்நீரில் போட்டு எடுப்பாள். இரண்டு துண்டுக்கு நடுவில் பழைய குடைத்துணி, ஈரம் நெஞ்சுக்கு இறங்காமல் இருக்க. கீழ்ப்பக்கத்தை மேலே மடித்து ஒரு பை, சிந்துகிற சோற்றை அது வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு நிற நூலில் ஒரு பூவோ மீனோ இருக்கும். ஒரு பிள்ளையின் துணி இன்னொரு பிள்ளையின் கழுத்துக்குப் போகாது. காற்று திரும்பினால் கம்பெனிப் புகை பட்டு வெளிக் கொடியில் துணி கறுத்துவிடும் என்பதால் வீட்டுக்குள்ளேயே, பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கொடி கட்டியிருந்தாள். நடக்கிற பிள்ளைகள் தன் துணியைத் தானே உருவிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிற்கும்.

நாடா வைக்கவே மாட்டாள். கழுத்தில் முடிச்சு ஆகாது என்பாள். அழுத்தினால் பூட்டி, இழுத்தால் விட்டுவிடுகிற டிச் பட்டன்தான். அவள் அதை அழுத்தும்போது பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "டிக்!" என்று கத்தும். அப்புறம்தான் முதல் வாய். சாப்பிட்டு முடிந்ததும் முதலில் கழுத்து மடிப்பைத் துடைப்பாள், அப்புறம் பட்டனைப் பிரிப்பாள். துணியை அந்தப் பிள்ளையே கொண்டுபோய்க் கதவோரம் இருக்கும் சோப்புத் தண்ணீர் பக்கெட்டில் போட வேண்டும்.

அப்பன்மார்கள் கிண்டல் செய்வார்கள். "யக்கா, எனக்கும் ஒண்ணு தெச்சிக் குடேன், கேன்டீன்ல கொயம்ப மேல ஊத்திக்கினு ஒரே பேஜாராப் போவுது" என்று ஒருவர் கேட்டார். அவள் விடுவாளா? "தெச்சித் தரேன்பா, உன் பொண்டாட்டிய வுட்டு டிக் சொல்லச் சொல்லு. அப்பால நீயே பக்கெட்ல கொண்டு போட்ணும், ஆமா."

கண் ஆபரேஷன் முடிந்து நான் சில நாள் அவளோடு இருந்தேன். ஒரு மத்தியானம் சாப்பிடும்போதே ஒரு பிள்ளை என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டது.

"இன்னாக்கா, துணி இன்னும் கயுத்துலயே கீது?" என்றாள்.

"தூங்கிடுச்சிடி. இப்ப தொட்டா எயுந்துக்கினு அயும்."

"எயுந்தா எயுந்துக்கட்டும். தூங்கற புள்ள கயுத்துல எதுவும் இருக்கக் கூடாதுக்கா. மேல ஏறி மூஞ்ச மூடிக்கும், கயுத்த இறுக்கும். இதுக்குத்தானே பட்டன் வெச்சிக் கீறேன். இரு, நான் கயட்டறேன் பாரு."

வந்து இரண்டு விரலால் பிரித்தாள். பிள்ளை கண் திறக்கவே இல்லை. "பாத்தியா? கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தும் உனக்குக் கண்ணு தெரியல" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கும்போதே அந்தப் போன் வந்தது. மத்தியான நேரம். பக்கத்து வீட்டு செல்வி பேசினாள். "பெரிம்மா, சீக்கிரம் கெளம்பி வாங்க" என்றாள், மேலே சொல்லவில்லை. பிள்ளைகள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவளுக்கு என்று நினைக்கவே இல்லை. பொன்னேரியில் ரயில் ஏறிய பிறகு முரளி போன் செய்து சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். கும்மிடிப்பூண்டி வந்தும் இறங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். யாரோ கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். அவர் யாரென்றுகூடத் தெரியாது.

செல்வி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கொஞ்ச முன்னாடிதான் ஜன்னல்ல நின்னு, சோறு துன்னியாடின்னு என்னக் கேட்டாங்க. சிரிச்சிக்கினுதான் இருந்தாங்க. அப்பால சத்தமே இல்ல. இன்னாடா புள்ளைங்க கத்தலியேன்னு எட்டிப் பாத்தேன். செவுத்துல சாஞ்சிக்கினு இருக்காங்க, மடியில கிண்ணம். புள்ளைங்க அல்லாம் துணி மாட்டிக்கினு, வாயத் தொறந்துக்கினு ஒக்காந்துக்கினு கீது. அடுத்த வாய்க்கு." நெஞ்சு நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கொண்டுபோகும்போதே உயிர் இல்லையாம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தாய்மார்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கிப்போயிருந்தார்கள். ஒரு குழந்தை மட்டும் மூலையில் பாயில் தூங்கியது. அது ரமணியின் குழந்தை, சின்னி என்று கூப்பிடுவார்கள், இரண்டரை வயது. ரமணி சூளூர்ப்பேட்டைப் பக்கத்துப் பெண். அவள் வேலை செய்யும் இடத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் சேதி அவளுக்குப் போகவில்லை. வீடெல்லாம் அழுகை. அந்தக் குழந்தையின் கழுத்தில் துணி இன்னும் அப்படியே இருந்தது, மோவாய்க்கு மேலே ஏறி. தங்கை முகத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தவள், அவளைத் தாண்டிப் போய்க் குழந்தை கழுத்திலிருந்த பட்டனைப் பிரித்தேன். மடிப்பைத் துடைத்தேன். அப்புறம்தான் திரும்பி அவளைப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் பெரியவர் வந்து எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். மேளம், பூ, பாடை, சுடுகாட்டு ஏற்பாடு எல்லாம் அவர்தான். எந்தக் குறையும் வைக்கவில்லை. கம்பெனிப் பெண்கள் யூனிபார்மோடு வந்து நின்றார்கள். ரமணியும் சின்னியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குளிப்பாட்டி, புதுப் புடவை கட்டி, வாய்க்கரிசி போடத் தொடங்கினோம். ஒவ்வொருவராகச் சுற்றி வந்து போட்டார்கள். அரிசி உதட்டில் நிற்கவில்லை. கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. யாரும் அதைத் துடைக்கவில்லை. அது துடைக்கிற நேரமும் இல்லை.

சின்னி எப்போது இறங்கினாள் என்று தெரியவில்லை. எல்லோர் கால்களுக்கும் நடுவில் வந்தாள். கையில் அவளுடைய துணி, மஞ்சள் மீன் போட்டது. முந்தின நாள் நான் கழற்றி அலசிக் கொடியில் போட்டது. அதை ஆயம்மாவின் கழுத்தில் வைத்து, இரண்டு கையாலும் மோவாய் வரை இழுத்துவிட்டாள். பட்டன் அவளுக்கு எட்டவில்லை. அதனால் வாயாலேயே "டிக்" என்றாள்.

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மேளம்கூட நின்றுவிட்டது என்றுதான் எனக்கு நினைவு.

"யாரு கொயந்த இது? எடுங்கம்மா அந்த எச்சித் துணிய! சாவு ஊட்ல இன்னா வெளாட்டு?" என்று பெரியவர் சத்தம் போட்டார்.

"அய்யோ நைனா, தெரியாமப் பண்ணிடுச்சி, மன்னிச்சுக்கோங்க" என்று ரமணி பதறிக் குழந்தையை இழுத்தாள். யாரோ துணியை எடுக்கக் கை நீட்டினார்கள். நான் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

"கொஞ்சம் இருங்க. இன்னும் அரிசி போட வேண்டியவங்க இருக்காங்க. போட்டு முடிக்கட்டும்."

என் குரலா என்று எனக்கே ஆச்சரியம்.

"இன்னாம்மா பேசற? நீ அக்காகாரி. எச்சி பட்டத மேல போட்டு அனுப்பினா அவளுக்கு நல்ல கதி கெடைக்குமா?" என்றார் பெரியவர்.

"போட்டு அனுப்ப மாட்டேண்ணா. முடிஞ்சதும் நானே கயட்டிடறேன்."

நான் வாய்க்குள்ளேயே சொன்னேன். அவர் காதில் விழுந்திருக்காது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ஆண்கள் எல்லோரும் அவரோடு வெளியே போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உள்ளே இருந்த பெண்களுக்கு மட்டும்தான் தெரியும். மிச்சம் இருந்தவர்கள் அரிசி போட்டார்கள். இந்தத் தடவை கழுத்தில் ஒன்றும் இறங்கவில்லை. எல்லாம் அந்தப் பையில் விழுந்தது. கம்பெனிப் பெண்கள் தேம்பித் தேம்பிப் போட்டார்கள். கடைசியாக நான் போட்டேன். முந்தானையால் அவள் கழுத்து மடிப்பைத் துடைத்தேன். முன்னால் இறங்கியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்தேன். துணியைத் தூக்கினேன். சின்னி கை நீட்டினாள். கொடுத்தேன். அவள் நேராக நடந்துபோய்க் கதவோரத்துப் பக்கெட்டில் போட்டுவிட்டு, தாயிடம் போய் நின்றுகொண்டாள். தினமும் செய்கிற மாதிரியே. அதைப் பார்த்துத்தான் ரமணி வாய்விட்டு அழுதாள். மாலைகளை மேலே பரப்பி மூடித்தான் வெளியே எடுத்தோம், அதனால் ஆண்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. துணி உள்ளே இருக்கிறது என்றே பெரியவர் நினைத்துவிட்டார்.

ஆகையால், என் தங்கை மேல் எந்தத் துணியையும் போட்டு அனுப்பவில்லை. இது சத்தியம்.

எச்சில் என்பதால் கழற்றினேன் என்று இங்கே எழுதிவிட்டால் அவர் மனம் சுலபமாக ஆறிவிடும். முரளிகூட, "அப்டியே எழுதிடு பெரிம்மா, இன்னா இப்போ" என்றான். எழுத எனக்கு மனமில்லை. அவள் கை நாள் முழுக்கப் பிள்ளைகளின் எச்சிலில்தான் இருந்தது. அந்தக் கையால் போட்ட சோற்றைப் பெரியவரும் எத்தனையோ தரம் விரும்பிச் சாப்பிட்டிருக்கிறார். அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. அவள் தூங்கிவிட்டாள். தூங்குகிறவர் கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது என்று அவள்தான் சொல்லியிருந்தாள். அதனால் கழற்றினேன்.

அன்று ஓடி வந்து தூக்கிய செல்விக்கும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரருக்கும், ரயிலில் என் கையைப் பிடித்து இறக்கிவிட்ட முகம் தெரியாதவருக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்குச் சோறு கொடுத்து அனுப்பிய தெருக்காரர்களுக்கும், அரை நாள் சம்பளம் போனால் போகட்டும் என்று வந்து நின்ற பெண்களுக்கும் கைகூப்புகிறோம். மூத்தவராக நின்று என் தங்கையைக் குறையில்லாமல் வழியனுப்பிய ஆரம்பாக்கத்துப் பெரியவருக்கு எங்கள் வீட்டில் எல்லோருமே கடன்பட்டவர்கள். நான் எதிர்த்துப் பேசியது அவர் மேல் மரியாதைக் குறைவால் இல்லை.

பிள்ளைகள் இப்போது செல்வி வீட்டில் இருக்கிறார்கள். தங்கை தைத்த துணிகளும் அங்கேதான், எட்டுகிற உயரத்துக் கொடியில். மீன் போட்ட துணி வெளுத்துவிட்டது. ரமணி அதைத் தூக்கிப்போடவில்லை.

திதியன்று முதல் பந்தி பிள்ளைகளுக்கு. பெரியவருக்கும் அதே பந்தியில் ஒரு இலை போடச் சொல்லியிருக்கிறேன், அவள் சாய்ந்து உட்காரும் சுவரை ஒட்டி. அவர் வர வேண்டும். பக்கத்து இலை சின்னிக்கு. அவளுக்குத் துணியை நான் மாட்டிவிடுவேன். டிக் என்று அவளே சொல்லிக்கொள்வாள். சாப்பிட்டு அவளுக்குக் கண் சொருகியதும் கழுத்தைத் துடைத்துவிட்டுத் துணியைக் கழற்றிவிடுவேன். பெரியவர் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். அன்றைக்கும் நான் செய்தது அவ்வளவுதான்.

அக்கா